மூன்று கேள்வி, ஒரு கையெழுத்து

மே 6

வாயாடிக்கு,

நீ கேட்டபடியே கடிதம். பேனா பிடித்து ஒரு முழுப் பக்கம் எழுதி ஆறு வருஷம் ஆகிறது. கை வலிக்கிறது. அந்தப் பாவம் உன்னைத்தான் சேரும்.

பதினோரு முறை போன் செய்தேன். பதினோரு முறையும் துண்டித்தாய். பன்னிரண்டாவது முறை மாப்பிள்ளை எடுத்தார். "மச்சான், அவ சொல்லச் சொல்றா. போன்ல நீங்க யாரையும் பேச விட மாட்டீங்களாம். கடுதாசின்னா குறுக்கே பேச முடியாதாம். அதனால எழுதுவீங்களாம்" என்றார். பின்னால் நீ "இன்னும் சத்தமா சொல்லுங்க" என்று அவரை அதட்டியதும் கேட்டது. பாவம் மனிதர்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மகளுக்கு ஞானத்தகப்பனாக நிற்கச் சொல்கிறாய். நிற்கிறேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். அவள் வளர்ந்து பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டுவிட்டு வந்தால், நியாயம் யார் பக்கம் என்றுகூடக் கேட்காமல் அவள் பக்கம் நிற்கிறேன். ஆனால் ஞானஸ்நானத்தின்போது போதகர் மூன்று கேள்வி கேட்பாராமே. பிதாவை நம்புகிறாயா, குமாரனை நம்புகிறாயா, பரிசுத்த ஆவியை நம்புகிறாயா என்று. மூன்றுக்கும் சபை முன்னால் "நம்புகிறேன்" என்று சொல்லி, பிறகு பதிவேட்டில் கையெழுத்தும் போட வேண்டுமாம். அது என்னால் ஆகாது.

என் வேலை உனக்குத் தெரியும். லிஃப்ட்டை மாட்டுவது வேறு ஆட்கள். மாட்டியது சரியா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுவது நான். என் கையெழுத்து விழாமல், இப்போது நான் வேலை பார்க்கும் இந்தப் புது ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் ஒரு நோயாளிகூட மேலே போக முடியாது. எனக்குப் புரியாத பொருளுக்கு நான் கையெழுத்துப் போடுவதில்லை. மூவர், ஆனால் ஒரே கடவுள் என்பது எனக்குப் புரியவில்லை. சின்ன வயதில் ஞாயிறு பள்ளியிலும் புரியவில்லை. அப்போது மிட்டாய் கொடுத்தார்கள், சும்மா இருந்தேன்.

உன் மாமனார் விஷயம். ஜனவரியில் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று சாப்பாட்டு மேஜையில், "மூவரும் ஒருவரே, இதிலே யோசிக்க என்ன தம்பி இருக்கு?" என்று அவர்தான் ஆரம்பித்தார். "முப்பது வருஷம் கணக்கு வாத்தியாரா இருந்துட்டு மூணும் ஒண்ணும் ஒண்ணுதாங்கறீங்களே, உங்ககிட்ட படிச்ச பிள்ளைங்க கதி என்ன?" என்று நான் கேட்டேன். கேள்வி சரியான கேள்விதான். கேட்ட இடம் தப்பு என்பாய். இருக்கலாம்.

கை வலியுடன்,
அண்ணன்

மே 13

அவசரக்குடுக்கைக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மன்னிப்பு எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று உன் மாப்பிள்ளையின் கண்ணாடிக் கடையிலிருந்து பூதக்கண்ணாடி வாங்கிவந்தும் பார்த்தேன். "இருக்கலாம்" என்று ஒரு சொல் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மாமா அன்றிலிருந்து "மூன்று" என்ற சொல்லையே சொல்வதில்லை. நேற்று மருந்துக் கடைக்காரர் போன் பண்ணி, "மாத்திரை எத்தனை வேளை சார்?" என்று கேட்டார். "காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, அப்புறம் ராத்திரி ஒண்ணு. கூட்டிக்குங்க" என்கிறார். நான் சமையலறைக்கு ஓடிப்போய்ச் சிரித்தேன். ஆனால் அவருக்கு வலித்திருக்கிறது அண்ணா. கணக்கு அவருக்கு எப்படிப்பட்டது என்று தெரிந்தேதான் நீ அதைத் தொட்டாய்.

இப்போது கெடு. ஞானஸ்நானம் ஜூன் 28. ஞானத்தகப்பன் பெயரை ஜூன் 14க்குள் போதகரிடம் கொடுக்க வேண்டும். நீ இல்லை என்றால் உன் மாப்பிள்ளையின் அண்ணன் தயாராக இருக்கிறார். காப்பீட்டு முகவர். போதகர் கேள்வியை முடிப்பதற்குள் "நம்புகிறேன்" என்பார். வாடிக்கையாளர்களிடமும் அப்படித்தான், எதைக் கேட்டாலும் ஆமாம். நல்ல மனிதர். ஆனால் எனக்கு நீதான் வேண்டும். அப்பாவும் அம்மாவும் போன பிறகு என் பக்கத்திலிருந்து நிற்க ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறான். அவனுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

நான் நான்கு வருஷமாக ஆய்வு செய்வது எதைப் பற்றி என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். முதல் கிறிஸ்தவர்களின் ஞானஸ்நானம். யாரோ நாலு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து திரித்துவம் என்று ஒரு சட்டம் போட்டு, பிறகு ஊர்மேல் திணித்தார்கள் என்றுதானே நினைக்கிறாய்? நடந்தது தலைகீழ். மக்கள் முதலில் தண்ணீரில் இறங்கி நின்றார்கள். பிதாவை நம்புகிறாயா? நம்புகிறேன், ஒரு முழுக்கு. குமாரனை? நம்புகிறேன், ஒரு முழுக்கு. ஆவியை? நம்புகிறேன், இன்னொரு முழுக்கு. கேள்வி மூன்று, முழுக்கு மூன்று, ஞானஸ்நானம் ஒன்று. ஜெபமும் அப்படியேதான் செய்தார்கள். திரித்துவம் என்ற சொல்லே ஏறக்குறைய நூற்றைம்பது வருஷம் கழித்துத்தான் வந்தது. ஓடிக்கொண்டிருந்த ஒன்றுக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்த சொல் அது.

உன் மருமகள் சுண்டெலி அழுகிறாள். குரலில் உன் சாயல். நாலு வீட்டுக்குக் கேட்கும்.

உன் தங்கை

மே 20

வாயாடிக்கு,

முடித்துவிட்டேன்.

நேற்று டீ இடைவேளையில், மொட்டைமாடி மோட்டார் அறையில், கேபிள் சுற்றும் மர உருளைமேல் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் முடித்தேன். உங்கள் ஆட்களுக்கு எத்தனை வருஷம் ஆயிற்று? முந்நூறா? இடையில் டீ குடித்தார்களா இல்லையா?

மூன்று படம் இணைத்திருக்கிறேன். எது பிடிக்கிறதோ எடுத்துக்கொள்.

முதல் படம், லிஃப்ட் மோட்டாருக்கு வரும் மின்சாரம். மூன்று கம்பியில் வருகிறது. ஒவ்வொன்றும் அடுத்ததிலிருந்து ஒரு கோணம் தள்ளி நிற்கிறது, கோணத்தையும் குறித்திருக்கிறேன். ஒரு கம்பி அறுந்தால் மோட்டார் உறுமும், நகராது. மூன்றும் சேர்ந்தால்தான் ஒரே சுழற்சி. கம்பி மூன்று, சக்தி ஒன்று. தீர்ந்தது.

இரண்டாவது, பனிக்கட்டி, தண்ணீர், நீராவி. பொருள் ஒன்றுதான், தோற்றம் மூன்று. இது பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடப் புரியும்.

மூன்றாவது, இந்தக் கட்டடத்திலேயே இருப்பது. பக்கத்துப் பக்கத்தில் மூன்று லிஃப்ட். ஒன்று தலைமை. எந்த மாடியில் யார் பொத்தானை அழுத்தினாலும் செய்தி முதலில் அதற்குத்தான் போகும். மற்ற இரண்டையும் அதுதான் ஏவும். இந்த ஆஸ்பத்திரியைப் பொறுத்தவரை லிஃப்ட் சேவை என்பது ஒன்றுதான்.

மேஸ்திரியிடம் காட்டி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "நல்லாருக்கு தம்பி. இது எந்த மாடிக்கு?" என்றார். அவரை விடு. நீ சோதித்துப் பார்த்துப் பதில் போடு. இதில் ஒன்று சரி என்று நீ சொன்னால் நான் நிற்கிறேன், கேள்விக்கும் பதில் சொல்கிறேன், கையெழுத்தும் போடுகிறேன். அந்தக் காப்பீட்டு ஆளிடம் வேறு வேலை பார்க்கச் சொல்.

வெற்றியுடன்,
அண்ணன்

ஜூன் 1

மகா ஞானிக்கு,

உன் மூன்று படமும் வந்தன. என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன். உட்கார்ந்து படி. ஏணிமேல் நிற்காதே.

உறையைப் பிரித்தது நான் இல்லை. உன் மாப்பிள்ளை. ஞாயிறு பள்ளியில் அவர்தான் பாடம் எடுக்கிறார் என்பது உனக்கு நினைவிருக்கும். படங்களைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "மச்சான் எவ்வளவு சுலபமா ஆக்கிட்டார் பாரேன்" என்றார். நான் குளித்துக்கொண்டிருந்தேன். வெளியே வருவதற்குள் அவற்றைப் பெரிதாக்கி அச்செடுக்கக் கொடுத்தாயிற்று. கடையில் கண் பரிசோதனைக்கு எழுத்து அட்டை தொங்குமே, அந்த அளவுக்கு. இருபத்துநான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை வகுப்புச் சுவரில் மூன்றும் தொங்கின.

பிள்ளைகள் வீட்டுக்குப் போய், "கடவுளுக்கு மூணு ஒயர் இருக்கு, ஒண்ணைத் தொட்டாலும் ஷாக் அடிக்கும்" என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு வாண்டு ஃபிரிட்ஜைத் திறந்து பனிக்கட்டித் தட்டைக் கும்பிட்டதாம். பெற்றோர்கள் போதகருக்குப் போன் போட்டார்கள். அவர் வந்து சுவருக்கு முன்னால் கைகட்டி நின்று, ஒவ்வொரு படமாகப் பார்த்தார். நான் சுண்டெலியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றேன்.

"யார் வரைஞ்சது?" என்றார்.

"எங்க அண்ணன்."

"ஆயிரத்து எழுநூறு வருஷத்துக்கு முன்னாடி தள்ளிவச்சதையெல்லாம் ஒரே சுவத்துல மாட்டியிருக்காரே அம்மா. கோடு மட்டும் ரொம்ப சுத்தம்."

அண்ணா, உன் பனிக்கட்டியை மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒரு கூட்டம் சொல்லிவிட்டது. ஒரே ஆள்தான், வேளைக்கு ஒரு வேஷம் என்று. அப்படியென்றால் குமாரன் பிடிபட்ட ராத்திரி தோட்டத்தில் முழங்காலிட்டு யாரிடம் மன்றாடினார், கண்ணாடியைப் பார்த்தா என்று மற்றவர்கள் கேட்டார்கள். உன் தலைமை லிஃப்ட்டை நான்காம் நூற்றாண்டில் துறைமுக நகரத்துச் சபை மூப்பர் ஒருவர் சொன்னார். பிதா மேலே, குமாரன் அவர் படைத்த முதல் வேலையாள் என்று. பாட்டாகவே கட்டினார். மாலுமிகளும் மாவரைக்கிறவர்களும் பாடினார்கள். உலகமே இரண்டாகிவிட்டது. மூன்று கம்பியோ, கடவுளை ஆளுக்கு மூன்றில் ஒரு பங்காக வெட்டிவிடுகிறது. பிதா மூன்றில் ஒரு பங்கு கடவுள் என்று யாரும் நம்பியதில்லை. நல்லவர்கள்கூட ஊற்று, ஆறு என்றும் வேர், மரம், கனி என்றும் சொல்லிப் பார்த்தார்கள். கொஞ்ச தூரம் போனது, அப்புறம் நொண்டியது.

அரை மணி நேரத்தில் முந்நூறு வருஷத் தப்பையும் செய்து முடித்த ஒரே ஆள் நீதான். எங்கள் கல்லூரியில் சொன்னால் சிலை வைப்பார்கள்.

படங்களை மாமா கழற்றி எடுத்துக்கொண்டு போனார். கிழித்துவிடுவார் என்று நினைத்தேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டு நாளாக.

பதினான்காம் தேதி நெருங்குகிறது.

உன் தங்கை

ஜூன் 5

தப்பு, தப்பு, தப்பு. சரி. அப்படியானால் சரியான படம் எது? அதை அனுப்பு. அதைச் சொல்லாமல் நான் வரைவதையெல்லாம் சிவப்பு மையில் சுழித்துக்கொண்டிருந்தால் எப்படி?

நான் வீம்புக்குச் செய்கிறேன் என்று நினைக்கிறாய். ஒன்று சொல்கிறேன், மாப்பிள்ளைகிட்ட சொல்லாதே. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு அலுவலகக் கட்டடம். பிரேக் சோதனை பாக்கி. மேலதிகாரி, "போடுப்பா, எல்லாம் ஓடும்" என்றார். போட்டேன். மறுநாளே அந்த லிஃப்ட் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றது. உள்ளே நான். கூட ஒரு பல் வைத்தியர். மூன்று மணி நேரம். பேச வேறு விஷயம் இல்லாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வரும்போது எனக்கு இரண்டு சொத்தைப் பல் இருப்பது உறுதியாகியிருந்தது.

இடையில் அவர் ஒரு கேள்வி கேட்டார். "இதைச் சரின்னு சொன்னது யாருங்க?" என் கையெழுத்து அவர் தலைக்கு மேலே சட்டத்துக்குள் மாட்டியிருந்தது.

அன்றிலிருந்து, தெரியாததைத் தெரியும் என்று நான் எழுதுவதில்லை. உன் மகள் பெயருக்குப் பக்கத்தில் எழுதவே மாட்டேன். அவள் ஒருநாள் அந்தப் பதிவேட்டைப் பார்த்து, "மாமா, இது என்னன்னு தெரிஞ்சுதான் போட்டீங்களா?" என்று கேட்டால்?

அண்ணன்

ஜூன் 9

அண்ணா,

பல் வைத்தியர் கதையைப் படித்து முதலில் சிரித்தேன். பிறகு கடைசி வரிகளுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இதை அன்றைக்கு மேஜையிலேயே சொல்லியிருந்தால் சண்டையே வந்திருக்காது. நீ மட்டும் எப்போதும் கேள்வியைச் சொல்வாய், காரணத்தைச் சொல்ல மாட்டாய்.

சரியான படம் இல்லை. அதுதான் பதில். அந்த மனிதர்களிடமும் இல்லை.

ஏரிக்கரை நகரம் ஒன்றில் சபைத் தலைவர்களான ஆயர்கள் ஏறத்தாழ முந்நூறு பேர் கூடினார்கள். கூட்டியவர் பேரரசர். அவரே அப்போது ஞானஸ்நானம் பெறாதவர், உன்னைவிட மோசம். வந்தவர்களில் சிலர் பழைய ஆட்சியில் சித்திரவதைப்பட்டவர்கள். ஒரு கண் இல்லாதவர்கள், கால் நரம்பைச் சுட்டதால் நொண்டி நடந்தவர்கள். யாராவது "போடுப்பா" என்றால் போட்டுவிடுகிற ஆட்கள் இல்லை. வேலையாள் படம் சுலபமாக இருந்தது. வேஷப் படமும் சுலபமாக இருந்தது. வேண்டாம் என்றார்கள். ஏனென்றால் தண்ணீரில் நின்று அவர்கள் சொன்ன பதிலோடு எந்தப் படமும் பொருந்தவில்லை. கடைசியில் எழுதியது மிகக் கொஞ்சம். குமாரன் படைக்கப்பட்டவர் அல்ல, பிதா எதுவோ அதுவேதான் அவரும். எப்படி என்று எழுதவில்லை. ஆவியைப் பற்றி அன்றைக்கு எழுதியது, நம்புகிறோம் என்பது மட்டும்தான். ஒரு விளக்கம் கிடையாது. அதை விரித்து எழுத இன்னும் ஐம்பத்தாறு வருஷம் ஆயிற்று. அதற்குள் அநேகமாக எல்லாருமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

இப்போது நான் உன்னிடம் ஒன்று சொல்கிறேன், நீயும் யாரிடமும் சொல்லாதே. என் ஆய்வேட்டில் மூன்றாவது கேள்விக்கான இயல்தான் நின்றுபோயிருக்கிறது. எட்டு மாதமாக. பிதாவைப் பற்றி எழுதினேன், குமாரனைப் பற்றி எழுதினேன், ஆவி என்று தலைப்புப் போட்டுவிட்டு அதற்குக் கீழே பால் புட்டி கழுவும் நேரத்தை எழுதிவைத்திருக்கிறேன். எனக்கும் தெரியவில்லை.

ஆனால் சுண்டெலி பிறந்த முதல் வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாளே, அப்போது நான் அதன் வட்டத் துளைக்குள் கையை விட்டு அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஜெபிக்க ஒரு சொல்லும் வரவில்லை. படித்ததெல்லாம் போய்விட்டது. ஆனால் ஜெபம் நடந்துகொண்டிருந்தது அண்ணா. நான் தொடங்கவில்லை. எனக்குள் ஏற்கெனவே யாரோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், நான் போய்ச் சேர்ந்துகொண்டேன். கூப்பிடப்பட்டவரும், கூடவே நிற்பவரும், எனக்குள் கூப்பிடுகிறவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள். எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணுகிற நிலையில் நான் இல்லை. அந்த முதல் ஆட்களுக்கும் இதுதான் நடந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இதை ஆய்வேட்டில் போட முடியாது. அடிக்குறிப்புக் கேட்பார்கள்.

சரி, ஒரு கேள்வி. உன் தொழிலில், முழுக்க முடியாத ஒன்றுக்கு நேர்மையாகக் கையெழுத்துப் போட வழியே இல்லையா?

உன் தங்கை

பி.கு. மாமா இன்று அறையை விட்டு வெளியே வந்தார். கையில் உன் முதல் படம். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "உங்க அண்ணன் எழுதின கோணத்தைக் கூட்டிப் பாரும்மா. நூத்திருபது, நூத்திருபது, நூத்திப் பத்து. மொத்தம் முந்நூத்தி ஐம்பது. ஒரு வட்டத்துக்கு முந்நூத்தி அறுபது. பத்து டிகிரியை எங்க வச்சிருக்கார்னு கேட்டு எழுது. மூணு எண்ணைக் கூட்டத் தெரியலை, கடவுளைக் கூட்ட வந்துட்டார்" என்றார். "மூணு" என்று சொன்னார் அண்ணா! உன் மாப்பிள்ளை கைதட்டினார்.

ஜூன் 11, சிறப்புத் தபால்

வாயாடிக்கு,

நூற்றிருபது. மூன்றும் நூற்றிருபது. அவசரத்தில் எழுதிவிட்டேன். மோட்டார் அறைச் சுவரில் முட்டிக்கொண்டேன், உண்மையாகவே, தாழ்வான உத்தரம். உள்ளே ஒரு தனித் தாள் வைத்திருக்கிறேன், மாமாவுக்கு. பிரிக்காமல் கொடு. பிரிப்பாய் என்று தெரியும், அதனால் சொல்லிவிடுகிறேன், அதில் இரண்டே வரிதான். "பத்து டிகிரி என் மண்டையில் குறைந்திருந்தது. அன்றைக்கு மேஜையில் பேசியதற்கு மன்னித்துவிடுங்கள் மாமா."

இனி முக்கியமானது. வழி இருக்கிறது. எங்கள் சான்றிதழில் கையெழுத்துக்கு மேலே "குறிப்பு" என்று ஒரு கட்டம் உண்டு. எந்தக் கட்டடமும் நூறு சதவீதம் முடிந்து கைமாறுவதில்லை. உயிருக்கு ஆபத்து இல்லாத பாக்கி இருந்தால், அதை அந்தக் கட்டத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடலாம். லிஃப்ட் ஓடும். பாக்கியைப் பிறகு பார்ப்போம். அது ஏமாற்று இல்லை. பாக்கியை வைத்துக்கொண்டு கட்டத்தைக் காலியாக விடுவதுதான் ஏமாற்று. அந்தப் பழைய கட்டடத்தில் நான் செய்தது அதுதான்.

உன் முந்நூறு பேரும் மூன்றாவது விஷயத்தைப் பாக்கி வைத்தே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்! இதை முதல் கடிதத்தில் சொல்லக் கூடாதா? ஒரு மாதமாக என்னைப் பனிக்கட்டி வரைய விட்டு வேடிக்கை பார்த்தாய். நான் என்ன நினைத்தேன் என்றால், புரியாத ஒன்றைப் புரிந்த மாதிரி எழுதிவைத்தவர்கள் என்று. அவர்கள் தப்பான படத்துக்குக் கையெழுத்துப் போட மறுத்தவர்கள். எளிதான படத்தை ஏற்றிருந்தால் எல்லாரும் நேரத்துக்குச் சாப்பிடப் போயிருக்கலாம். இந்த மாதிரி ஆட்கள் என் கம்பெனியில் இரண்டு பேர் இருந்தால் போதும்.

உன் கண்ணாடிப் பெட்டி விஷயத்தை இரண்டு முறை படித்தேன். அதைப் பற்றி எழுதத் தெரியவில்லை. அந்த வாரம் நானும் ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் நின்றேன். அங்கே லிஃப்ட் கதவு சரியாகச் சாத்தவில்லை, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். கதவை மட்டும் பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

பெயரைக் கொடு. சனிக்கிழமை மாலை ரயிலில் வந்து சேர்கிறேன், இருபத்தேழாம் தேதி. இங்கே சுமைச் சோதனை நேற்று முடிந்தது, தாங்க வேண்டியதற்குமேல் கால் பங்கு ஏற்றியும் பிரேக் பிடித்தது. அதில் குறிப்புக் கட்டம் காலி. நியாயமாகவே காலி.

ஒன்று விசாரித்துச் சொல். உங்கள் சபைப் பதிவேட்டில் குறிப்பு எழுத இடம் இருக்கிறதா?

அண்ணன்

ஜூலை 4

அவசரக்குடுக்கை அண்ணனுக்கு,

நீ ஊருக்குப் போய் ஒரு வாரம் ஆகவில்லை, சுண்டெலி யார் சட்டையில் பேனா பார்த்தாலும் பிடுங்குகிறாள். ஞானஸ்நானத்தன்று உன் பாக்கெட்டிலிருந்து பிடுங்கியதைத் திருப்பிக் கொடுக்கவில்லை, உறையில் வைத்திருக்கிறேன். மூடியைக் கடித்திருக்கிறாள். பல் இல்லாததால் சேதமில்லை.

மாமா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். "நானும் தம்பியும் அன்னிக்கு வட்டத்தைப் பத்திப் பேசினோம் பாருங்க" என்கிறார். விருந்தில் நீங்கள் இருவரும் பிரியாணிக்கு நின்ற வரிசையை மறித்துக்கொண்டு நாப்கின் தாளில் கோணம் வரைந்ததைத்தான் சொல்கிறார். நீ மன்னிப்புக் கேட்டு எழுதிய தாளை அவர் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறார். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாதே.

மூன்றாவது கேள்வியில் நீ நிறுத்தினாயே, அதற்குத்தான் இன்னும் உன்மேல் கோபம். முதல் கேள்விக்கு "நம்புகிறேன்" என்றாய். இரண்டாவதுக்கும் சொன்னாய். மூன்றாவதுக்கு வாயை மூடிக்கொண்டு குழந்தையைப் பார்த்தாய். காப்பீட்டு அண்ணன் பின்வரிசையில் பாதி எழுந்தேவிட்டார். அப்புறம் அவள் காலை நீ கையில் பிடித்தாய், ஒரு கையால், முழுப் பாதத்தையும். பிடித்துக்கொண்டு "நம்புகிறேன்" என்றாய், முதல் இரண்டைவிட மெதுவாக. அப்படிப் பிடித்ததை என் கடிதத்திலிருந்துதான் எடுத்தாயா, தானாக வந்ததா? கேட்க மாட்டேன்.

இன்று காலை சான்றிதழ் வாங்க அலுவலக அறைக்குப் போனேன். போதகர் பதிவேட்டைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார். பெரிய கோடு போட்ட புத்தகம். நாள், பெயர், பெற்றோர், ஞானத்தகப்பன், கையெழுத்து, கடைசியில் குறிப்பு. மேலே பக்கம் பக்கமாக அந்தக் கட்டம் வெறுமையாகவே இருந்தது. எங்கள் வரிசையில் மட்டும் உன் கொட்டை எழுத்து.

"மூன்றாவது கேள்வி: விளக்கம் நிலுவை. பயன்பாட்டுக்குத் தடையில்லை."

"ஐயா, மன்னிச்சிடுங்க, அவன் அப்படித்தான், வேலைப் புத்தி" என்று ஆரம்பித்தேன்.

"கீழேயும் படிங்கம்மா" என்றார்.

உன் எழுத்துக்குக் கீழே, வேறு மையில், சின்னதாக, சாய்ந்த எழுத்தில் இருந்தது.

"எனக்கும். முப்பத்தொரு வருடமாக." அதன் பக்கத்தில் அவர் கையெழுத்து.

வீட்டுக்கு வந்ததும் பால் புட்டி நேரத்தை அடித்துவிட்டு, மூன்றாவது இயலை எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் வந்திருக்கிறது. போன் இனிமேல் எடுப்பேன். ஆனாலும் எழுது.

உன் தங்கை